கெண்டைக்கால் ஆபரேஷனும் நாலு தடவை சொன்ன வலியும்

பகல் பன்னிரண்டு நாற்பது

"சிஸ்டர், வலிக்கி."

மாரீஸ்வரி இதை முதல் தடவை சொன்னபோது மணி பகல் பன்னிரண்டு நாற்பது. நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்கு என் ஞாபகசக்தி காரணமல்ல. கேஸ் ஷீட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. அந்த ஒரு வரியை மாற்றி எழுதச் சொல்லி என்னைக் கெஞ்சினார்கள், மிரட்டினார்கள், கடைசியில் தியேட்டரை விட்டே அனுப்பினார்கள். எப்படி மறக்கும்?

ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் நர்ஸாக இருந்தேன். அதில் பத்தொன்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். தினமும் காலையில் ஆறரை பஸ், ஏழு மணிக்குக் கைகழுவும் தொட்டி முன்னால் நிற்பேன். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், ‘ஓ, அந்த ஆஸ்பத்திரியா, அங்கே அப்படித்தான்’ என்று மற்ற எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். யாரும் நிம்மதியாக வேண்டாம்.

நர்ஸிங் முடித்துவிட்டு இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோபத்தில் ஒரு பங்கு என் மேலேயே இருக்கிறது.

முந்தின நாள்

மாரீஸ்வரிக்கு இருபத்தொன்பது வயது. ஊர் சேத்தூர். ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் குவாலிட்டி சூப்பர்வைசர். பிறக்கும்போதே வலது பாதம் உள்பக்கமாகத் திரும்பி இருந்தது. குழந்தையிலேயே மாவுக்கட்டு போட்டு, குதிகால் தசைநாரை நீட்டி ஆபரேஷன் செய்து பாதத்தை நேராக்கிவிட்டார்கள். நன்றாக நடப்பாள், ஸ்கூட்டர் ஓட்டுவாள். ஆனால் அந்தக் காலில் கெண்டைச் சதை வளரவே இல்லை. இடது கால் ஒரு பருமன், வலது கால் அதில் பாதி.

அப்போது எங்கள் ஆஸ்பத்திரிக்கு மாதத்தில் இரண்டு நாள் வெளியூரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் வந்துபோய்க்கொண்டிருந்தார். மெலிந்த காலுக்கு உள்ளே சிலிக்கான் வைத்துப் பருமனாக்கலாம் என்று எங்கள் ஆஸ்பத்திரி நோட்டீஸ் அடித்திருந்தது. அதைப் பார்த்துத்தான் அவள் வந்தாள். இந்த விஷயங்களைப் பேச கீழே ஒரு கண்ணாடி அறையில் கவுன்சலர் என்று ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். டை கட்டியிருப்பார். டேப்லட்டில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டுவார். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு கால், பின்னால் ஒரு கால். "மூணே நாள்ல நடக்கலாம் மேடம். ஒரு வாரத்துல டியூட்டிக்குப் போயிரலாம்." இதுதான் அவர் பாடம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நான் அவளுக்கு பி.பி. பார்த்து, மருந்து அலர்ஜி கேட்டு, ஷேவிங் செய்யப் போனேன். அவள் அம்மா ஜன்னல் ஓரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை பாக்கீங்களாக்கும்?" என்று நான் கேட்டேன்.

"எல்லாரும் அதத்தான் கேக்காவ சிஸ்டர்," என்று மாரீஸ்வரி சிரித்தாள். "மில்லுல எங்களுக்கு இப்ப பேண்ட் சட்டைதான் யூனிஃபார்ம். மெஷினுக்கு மேல ப்ளோயர் ஓடும்லா, பஞ்சத் தள்ளுறதுக்கு? அது எனக்கு மேல வாரப்பல்லாம் வலது காலு பேண்ட் மட்டும் படபடன்னு ஆடும். இடது காலு சும்மா இருக்கும். லைன்ல நிக்கிற அம்புட்டுப் பேரும் பாப்பாவ. ஆடுனா ரெண்டும் ஆடணும், இல்ல ரெண்டும் சும்மா இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நடக்க முடியுதுல்லா, ஆண்டவர் குடுத்த காலு போதாதா?" என்றேன். காலே இல்லாமல் வருகிறவர்களைப் பார்த்தவள் நான், எனக்கு இது ஆடம்பரமாகத் தெரிந்தது.

அவள் முகம் சுருங்கியது. "பொறவு எப்படி சிஸ்டர் இருக்கும்? எம்புட்டு நாளு வலிக்கும்?" என்று கேட்டாள்.

"டாக்டர்ட்ட கேளும்மா."

"அவிய நாளைக்குத்தான் வருவாவளாம்."

"அப்ப நாளைக்குக் கேளு."

இதைச் சொல்லிவிட்டு டிரேயை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவள் கேட்டது நியாயமான கேள்வி. பதில் எனக்குத் தெரியும். அந்த ஆபரேஷனில் அதற்கு முன் ஐந்தாறு தடவை நின்றிருக்கிறேன். அவளிடம் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

முழங்காலுக்குப் பின்னால் மடிப்பில் ஒரு சின்னக் கீறல் போடுவார்கள். கெண்டைச் சதையை ஒரு வெள்ளைச் சவ்வு உறை மாதிரி மூடியிருக்கும். அந்தச் சவ்வுக்கும் சதைக்கும் நடுவே இடம் உண்டாக்கி சிலிக்கானை உள்ளே தள்ளித் தையல் போடுவார்கள். முதல் இரண்டு மூன்று நாள் காலை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும். பாத்ரூமுக்குப் போகப் பிடித்துக்கொண்டு நடக்கலாம், அதை நடை என்று சொல்ல முடியாது. குதிகாலைத் தரையில் ஊன்றினால் சதை சுண்டி இழுக்கும். தையல் பிரிக்க இரண்டு வாரம் ஆகும். இறுக்கமான ஸ்டாக்கிங் பல வாரம் போட வேண்டும். நின்றுகொண்டே பார்க்கிற வேலைக்கு ஒரு வாரத்தில் போவது நடக்காத காரியம். ஸ்கூட்டர், மாடிப்படி, ஓட்டம் எல்லாம் டாக்டர் சொன்ன பிறகுதான். சிலருக்குத் தோல் மரத்துப்போகும், சிலிக்கான் இடம் மாறும், சீழ் வைக்கும், மறுபடி திறக்க வேண்டி வரும். எல்லாவற்றையும் விடப் பெரியது ஒன்று உண்டு. அந்தச் சவ்வு உறை நீளாது. உள்ளே அழுத்தம் ஏறினால் சதைக்கு ரத்தம் போகாது. சில மணி நேரத்தில் சதை செத்துப்போகும். அப்போது வருகிற வலி ஊசிக்கு அடங்காது.

இதைப் படிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆனது? சொல்லியிருந்தால் எனக்கும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும். கவுன்சலருக்கும் அவ்வளவுதான். நாலு பக்க ஆங்கில ஃபாரத்தில் நாலு இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, "இங்க, இங்க, இங்க" என்று கையெழுத்து வாங்கினோம்.

பெரிய சைஸ்

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்தார்கள். மாரீஸ்வரி விழித்துத்தான் இருந்தாள். சர்ஜன் கை சுத்தம், வேகம். அதை மறுக்க மாட்டேன். மூன்று சைஸ் சிலிக்கான் வந்திருந்தது. நடு சைஸை வைத்துப் பார்த்தார். இடது காலோடு ஒப்பிட்டார்.

"மேட்ச் ஆகல. பெருசு குடுங்க."

நான் எடுத்துக் கொடுத்தேன். அது உள்ளே போகச் சிரமப்பட்டது. சின்ன வயதில் ஏற்கெனவே கத்தி பட்ட கால், தோலும் உள்ளே இருக்கிற உறையும் இறுகிப்போயிருந்தன. தையல் போடும்போது இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. என் விரலுக்கு அது தெரிந்தது. வாய் திறக்கவில்லை. தியேட்டரில் சர்ஜன் கேட்காமல் நர்ஸ் பேசக்கூடாது என்று பழக்கியிருந்தார்கள், நானும் பழகியிருந்தேன்.

காலைச் சுற்றி இறுக்கமாக பேண்டேஜ் கட்டினார். இன்னும் இரண்டு கேஸ் முடித்தார். பதினொரு மணிக்குக் காரில் ஏறிவிட்டார். பக்கத்து ஊரில் அடுத்த ஆஸ்பத்திரி. மாரீஸ்வரி கேட்க நினைத்த கேள்வியைக் கேட்க அவருக்கும் அவளுக்கும் நடுவே ஒரு நிமிஷம் கூடக் கிடைக்கவில்லை.

"பல்ஸ் நல்லா இருக்கு"

அன்று வார்டுக்கு ஆள் பற்றாக்குறை. தியேட்டர் முடிந்ததும் ஆபரேஷன் முடிந்தவர்களை வைக்கிற போஸ்ட் ஆப் வார்டையும் என்னைப் பார்க்கச் சொன்னார்கள். பன்னிரண்டு நாற்பதுக்கு மாரீஸ்வரி வலிக்கிறது என்றாள். மரப்பு விட்டிருக்கிறது, வலிக்கும்தான் என்று எழுதிவைத்திருந்த வலி ஊசியைப் போட்டேன். ஷீட்டில் குறித்தேன்.

ஒன்றேகாலுக்கு மறுபடி கூப்பிட்டாள். "ஊசி கேக்கல சிஸ்டர்."

"செத்த நேரம் பொறுத்துக்கோ. ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும். நீயா ஆசைப்பட்டுத்தான வந்த?"

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை. சிசேரியன் ஆன பெண்ணிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். விபத்தில் கால் உடைந்தவரிடம் சொல்ல மாட்டேன். இவள் அழகுக்காக வந்தவள், அதனால் இவள் வலி கொஞ்சம் மலிவு. எனக்குள்ளே அப்படி ஒரு கணக்கு இருந்திருக்கிறது. நேரத்தை மட்டும் ஷீட்டில் குறித்தேன்.

இரண்டு மணிக்கு அவள் கூப்பிடவில்லை, கத்தினாள். அவள் அம்மா ஓடி வந்தார்.

"சிஸ்டரம்மா, எம்பிள்ள வலி தாங்குறவ. மில்லு மெஷின்ல வெரலு மாட்டி நகம் பேந்தப்பக்கூட அழல. இது என்னமோ வேற மாதி இருக்கு, வந்து பாருங்களேன்."

டூட்டி டாக்டரைக் கூட்டி வந்தேன். பாதத்தில் கை வைத்துப் பார்த்தார். "பல்ஸ் நல்லா இருக்கு. விரல் சூடா இருக்கு. ஆன்சைட்டி. காஸ்மெட்டிக் கேஸ் எல்லாம் இப்படித்தான் சிஸ்டர், சத்தம் ஜாஸ்தி." தூக்கத்துக்கு ஒரு ஊசி எழுதிவிட்டுப் போனார்.

அந்த ஊசியை நான் போடவில்லை. ஏன் என்று கேட்டால் பெரிய அறிவு ஒன்றும் இல்லை. காலையில் அந்தத் தையலை இழுத்துப் பிடித்தது என் விரலுக்கு ஞாபகம் வந்தது. இரண்டு முப்பத்தைந்துக்கு அவள் நாலாவது தடவை சொன்னாள். இப்போது கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"சிஸ்டர், உள்ளங்காலு மரத்துப்போச்சு. வலி மட்டும் இருக்கு, காலு இல்ல."

அவள் கால் விரல்களைப் பிடித்து மெதுவாக மேல்பக்கமாக மடக்கினேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறினாள். பேண்டேஜுக்கு மேலே கை வைத்தேன். மரக்கட்டையைத் தொட்ட மாதிரி இருந்தது.

பிள்ளைகளே, இதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். பாதத்தில் பல்ஸ் நன்றாக இருக்கும்போதே உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கலாம். பல்ஸ் போகிற வரைக்கும் காத்திருந்தால் கால் போய்விடும். ஊசிக்கு அடங்காத வலி, விரலை மேலே மடக்கினால் உயிர் போகிற வலி, இந்த இரண்டும்தான் முதலில் வரும். அந்த இரண்டும் மிஷினில் தெரியாது. பேஷண்ட் வாயால் சொன்னால்தான் தெரியும்.

சர்ஜனுக்கு போன் போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தார்.

"கம்ப்ரஷன் கட்டு டைட்டாத்தான் இருக்கும் சிஸ்டர். எக்காரணம் கொண்டும் லூஸ் பண்ணிராதீங்க, இம்ப்ளான்ட் நகந்துரும். நான் சாயங்காலம் பேசுறேன்."

"டாக்டர், உள்ளங்கால் மரத்திருக்கு. விரல..."

வைத்துவிட்டார்.

கத்தரிக்கோலை எடுத்து பேண்டேஜை மேலிருந்து கீழே ஒரே வெட்டாக வெட்டினேன். முப்பத்தொரு வருஷத்தில் சர்ஜன் வாயால் செய்யாதே என்றதைச் செய்தது அது ஒரு தடவைதான். வெட்டியும் அவள் வலி குறையவில்லை. கட்டு மட்டும் காரணமல்ல, உள்ளேதான் விஷயம் என்று அப்போது உறுதியாகிவிட்டது.

மேனேஜர் வந்துவிட்டார். வார்டு பையன் யாரோ சொல்லியிருக்கிறான்.

"யாரக் கேட்டு கட்ட வெட்டினீங்க? நாளைக்கு காலு கோணலாப் போச்சுன்னா கேஸ் யார் மேல வரும்?"

"காலே போச்சுன்னா யார் மேல சார் வரும்?" என்றேன். நான் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

கீழே ஓ.பி.யில் எங்கள் எலும்பு டாக்டர் இருந்தார். நாங்கள் பெரிய டாக்டர் என்போம். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவர் அறை வாசலில் நாற்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரையும் தாண்டி உள்ளே போனேன். ஒரு முதியவரின் முழங்காலை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், கெண்டைக்கால் இம்ப்ளான்ட். ரெண்டரை மணி நேரத்துக்கு மேல வலி. விரல மடக்க விடமாட்டேங்கா. உள்ளங்கால் மரத்திருக்கு."

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எழுந்துவிட்டார். லிஃப்டுக்கு நிற்காமல் படியில் ஏறினார், அறுபத்தாறு வயசில். மாரீஸ்வரியின் விரலை ஒரு தடவைதான் தொட்டார்.

"ஏமண்டி சிஸ்டர், இது எப்ப இருந்து?"

"பன்னிரண்டு நாற்பது சார்."

கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபத்தைந்து. அவர் முகம் மாறியதைப் பார்த்து அம்மா அழ ஆரம்பித்தார். டாக்டர் மாரீஸ்வரியிடம் குனிந்து, "தாயி, உள்ள வச்சத எடுக்கணும். இப்பவே எடுக்கணும். எடுத்தா காலு நிக்கும். சம்மதமா?" என்று கேட்டார்.

"எடுத்துருங்க சார். நான் சொன்னத நம்புனியளே, அது போதும்."

நாலு மணிக்குள் தியேட்டரில் இருந்தோம். தையலைப் பிரித்ததும் சிலிக்கான் தானாக வெளியே பிதுங்கி வந்தது. டாக்டர் அந்த வெள்ளை உறையை நீளவாக்கில் திறந்துவிட்டார். கீழே சதை கறுத்த சிவப்பாக இருந்தது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். சில நிமிஷத்தில் நிறம் திரும்ப ஆரம்பித்தது. ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் திரும்பவில்லை. அதை வெட்டி எடுத்தார்.

"இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா..." என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

ஒரு தாள்

காயத்தை உடனே மூட முடியாது. ஐந்து நாள் திறந்தே வைத்துக் கட்டு மாற்றினோம். பிறகு தையல். ஒரு வாரத்தில் டூட்டிக்குப் போகலாம் என்று சொல்லி அனுமதித்த பெண் பதினேழு நாள் படுக்கையில் இருந்தாள். மூன்று மாசம் குச்சி ஊன்றி நடந்தாள். உள்ளங்காலில் பாதி உணர்ச்சி இன்றைக்கும் திரும்பவில்லை. செருப்பு கழன்று விழுந்தால் நாலு அடி தள்ளிப் போய்த்தான் தெரியும்.

இரண்டாம் நாள் மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். காபி வரவழைத்தார். அப்போதே தெரிந்தது.

"சிஸ்டர், நீங்க காலக் காப்பாத்திட்டீங்க. மேனேஜ்மென்ட் ரொம்ப சந்தோஷம். ஒரே ஒரு தாளு மட்டும் திருப்பி எழுதணும். வலின்னு சொன்னது ரெண்டு முப்பத்தஞ்சுன்னு இருக்கட்டும். அதுக்கு முன்னாடி உள்ளதெல்லாம் வேண்டாம்."

"அவ பன்னிரண்டு நாற்பதுக்குச் சொன்னா சார்."

"அதுக்கு ஊசி போட்டது நீங்க, பொறுத்துக்கோன்னு சொன்னதும் நீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். உங்க மேலயும் தப்பு வருதுல்ல?"

இங்கேதான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் சொன்னது உண்மை. என் மேலும் தப்பு இருக்கிறது. அந்த உண்மையை வைத்தே என்னைப் பொய்யெழுத வைக்கப் பார்த்தார்.

"வரட்டும் சார். எழுதுனது எழுதுனதுதான்."

"ரிட்டயர்மென்ட்டுக்கு எத்தனை வருஷம் இருக்கு?"

"ரெண்டு."

"யோசிங்க."

நான் யோசிக்கவில்லை. நேராக வார்டுக்குப் போய் மாரீஸ்வரியின் அம்மாவிடம் சொன்னேன். "ஆச்சி, கேஸ் ஷீட்டு அம்புட்டுக்கும் நகல் வேணும்னு வெள்ளத்தாள்ல எழுதிக் குடுங்க. கேட்டா குடுத்துத்தான் ஆகணும். இன்னிக்கே குடுங்க." அவருக்கு எழுதத் தெரியாது. மாரீஸ்வரி படுத்துக்கொண்டே எழுதினாள். பெரிய டாக்டரும் தன் குறிப்பில் மூன்று இருபத்தைந்து என்று நேரம் போட்டு, வலி பன்னிரண்டு நாற்பதிலிருந்து என்று தெளிவாக எழுதியிருந்தார், அதை யாரும் தொட முடியவில்லை.

அடுத்த வாரம் என்னை ஓ.பி. டோக்கன் கவுன்டருக்கு மாற்றினார்கள். பத்தொன்பது வருஷம் தியேட்டரில் நின்றவள் கண்ணாடித் துளைக்குப் பின்னால் உட்கார்ந்து, "பேரு? வயசு? எந்த ஊரு?" என்று கேட்டேன். மகாராஜபுரம், வத்ராப், சேத்தூர் என்று ஊர்ப்பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி இரண்டு வருஷமும் அப்படித்தான் போனது.

எங்கே கையெழுத்து போடணும்?

மூன்று மாசம் கழித்து மாரீஸ்வரி குச்சியோடு வந்தாள். அந்த சர்ஜனை நேரில் பார்த்துப் பேச வேண்டும், ரெஜினா சிஸ்டரும், அதாவது நானும், கூட இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். மறுத்தால் மெடிக்கல் கவுன்சிலுக்குப் புகார் போகும் என்று பயந்து ஏற்பாடு செய்தார்கள். மேல்மாடி மீட்டிங் ஹாலில் சர்ஜன், மேனேஜர், மாரீஸ்வரி, அவள் அம்மா, நான்.

சர்ஜன் மரியாதையாகத்தான் பேசினார். "நடந்தது துரதிர்ஷ்டம்மா. ஆனா ஆயிரத்துல ஒருத்தருக்கு வர்ற காம்ப்ளிகேஷன் இது. எல்லா ரிஸ்க்கும் கன்சென்ட் ஃபார்ம்ல இருக்கு. நீங்க கையெழுத்து போட்ருக்கீங்க."

மாரீஸ்வரி ஃபாரத்தை வாங்கிப் புரட்டினாள். நாலு பென்சில் குறியும் அழியாமல் இருந்தன.

"சார், நான் மில்லுல ஒரு கோன் நூலுக்கு லேபில் ஒட்டுறதுக்கு முன்னாடி எட்டு டெஸ்ட்டு பாப்பேன். ஒண்ணுல தப்புன்னாலும் வாங்குற பார்ட்டிக்குச் சொல்லணும். நூலுக்கே சொல்லுதோம். எனக்கு யாரு சார் சொன்னா?"

"கவுன்சலர் எக்ஸ்ப்ளைன்..."

"மூணு நாளுன்னு எக்ஸ்ப்ளைன் பண்ணாவ. அதுவும் போகட்டும். காம்ப்ளிகேஷன் யாருக்கும் வரும், நான் சண்ட போட வரல. நான் நாலு தடவ வலிக்கின்னு சொன்னேன் சார். மொத மூணு தடவையும் ஆசைப்பட்டவதானன்னு நெனச்சாவ. நான் சொல்லுதத நம்பணும்னா, அதுக்கு இந்த ஃபார்ம்ல எங்க கையெழுத்து போடணும்? காட்டுங்க, போடுதேன்."

சர்ஜன் பேனாவைத் திறந்து மூடினார். என்னையும் சேர்த்துத்தான் அவள் சொன்னாள். அவள் என் பக்கம் திரும்பவில்லை, ஆனாலும் எனக்குத் தலை நிமிரவில்லை. வெளியே வந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க நாலாவது தடவையாவது கேட்டிய," என்றாள். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

புகாரும் கொடுத்தாள். விசாரணை இழுத்து இழுத்து நடந்தது. கடைசியில் ஒரு எச்சரிக்கை. அந்த சர்ஜன் எங்கள் ஊருக்கு வருவது நின்றது. வேறு ஊர்களுக்குப் போவது நிற்கவில்லை. பேப்பருக்குள் வைத்து வந்த ஒரு நோட்டீஸில் பார்த்தேன். அதே படம், அதே மூன்று நாள்.

மதுரை

நான் ரிட்டயராகி நாலு மாசம் இருக்கும். மாரீஸ்வரி ஸ்கூட்டரில் மடவார் வளாகத்துக்கு வந்தாள். சந்தோஷமாக உள்ளே கூப்பிட்டேன். உட்கார்ந்ததும் சொன்னாள்.

"சிஸ்டர், மதுரையில ஒரு லேடி டாக்டர்ட்ட காட்டிருக்கேன். இன்னொரு தடவ பண்ணலாம்னு இருக்கேன்."

எனக்கு வந்த கோபத்தில் எழுந்து நின்றுவிட்டேன். "ஏட்டி, ஒனக்குப் புத்தி இருக்கா? பட்டது போதாதா?"

"நீங்களும் அவிய மாதியே பேசுதியளே சிஸ்டர்."

மறுபடி உட்கார்ந்தேன்.

"நான் ஆசப்பட்டது தப்பில்ல," என்றாள். "எனக்குச் சொல்லாததுதான் தப்பு. நான் சொன்னதக் கேக்காததுதான் தப்பு. அந்த ரெண்டு தப்பையும் அவிய பண்ணிட்டு, ஆசையை மட்டும் நான் ஏன் விடணும்?"

ஒரு நோட்டைக் காட்டினாள். முப்பத்திரண்டு கேள்வி எழுதி வைத்திருந்தாள். அந்த டாக்டர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறார். இந்தக் காலில் மறுபடி சிலிக்கான் வைக்கவே கூடாது என்று முதலில் சொல்லிவிட்டாராம். வயிற்றுக் கொழுப்பை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊசியில் ஏற்றலாம், இரண்டு மூன்று தடவை வர வேண்டும், ஏற்றுவதில் ஒரு பங்கு கரைந்துபோகும், இடது கால் அளவுக்கு ஒருநாளும் வராது. எல்லாவற்றையும் தமிழில் எழுதிக் கையில் கொடுத்திருந்தார். நான் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"தொணைக்கு வாரியளா?" என்று கேட்டாள். போனேன்.

காலை பத்து மணிக்கு முடிந்துவிட்டது. வார்டுக்கு வந்ததும் ஒரு நர்ஸ் வந்தார், முப்பது வயதுக்குள் இருக்கும். "சின்னதா வலிச்சாலும் பெல் அடிங்கக்கா. சும்மா அடிச்சாலும் பரவால்ல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாரீஸ்வரி பயந்துபோயிருந்தாள். கட்டு கொஞ்சம் உறுத்தினால் பெல். வயிற்றில் சுருக்கென்றால் பெல். கால் மரத்த மாதிரி இருக்கிறது என்று பெல், பார்த்தால் போர்வை அழுத்தியிருக்கிறது. மாலை நாலு மணிக்குள் பதினோரு தடவை அடித்தாள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். எட்டாவது தடவையில் எனக்கே கூச்சமாகி, "போதும்ட்டி, அந்தப் பிள்ளைக்கு வேற வேலை இல்லையா," என்றேன்.

பதினோரு தடவையும் அந்த நர்ஸ் வந்தார். பதினோரு தடவையும் விரலை மடக்கிப் பார்த்தார், கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தார், "எங்க வலிக்கு, முன்னைக்கு இப்ப கூடவா குறைவா?" என்று கேட்டு நேரம் போட்டு எழுதினார். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. ஒரு தடவைகூட ஆசைப்பட்டுத்தான வந்தீங்க என்று சொல்லவில்லை. கடைசியில் மாரீஸ்வரி நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.

நான் வராண்டாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அந்த நர்ஸ் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் நின்றார் என்று நான் கடிகாரத்தில் பார்த்திருந்தேன். அரை நிமிஷம். அதற்கு மேல் ஒரு தடவையும் ஆகவில்லை.